அம்மா படித்த வகுப்பும் குழந்தையின் எடையும்

அங்கன்வாடி மையத்தில் எடைக் கருவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள், கிடை அச்சில் மாதம், செங்குத்து அச்சில் கிலோ. தாய் சேய் நல அட்டையின் உள்பக்கத்திலும் அதே வரைபடம்தான். நான் கணித ஆசிரியை. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் அதன் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று தேடுவது என் வழக்கம். இந்த வரைபடத்தைத் தேடிப் போனபோது கிடைத்த செய்தி, இது நம் பள்ளிக்கூடத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பதைக் காட்டியது.

உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தை வளர்ச்சித் தர அளவுகளே இதன் அடிப்படை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். எந்தத் தடையும் இல்லாமல் வளர்ந்தால் ஒரு குழந்தை எப்படி வளரும் என்பதுதான் கேள்வி. இந்தியாவில் தெற்கு டெல்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். தடையில்லாத வீடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே வைத்த தகுதி பெற்றோரின் படிப்பு. தாய், தந்தை இருவரில் ஒருவராவது குறைந்தது 17 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைகள் வளர்ந்த உயரமும் நார்வேக் குழந்தைகள் வளர்ந்த உயரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் "வம்சமே குள்ளம்" என்று சொல்லித் தள்ளிவிடுபவர்களுக்கு இது ஒன்றே போதுமான பதில்.

பெற்றோர் படிக்காத வீடுகளில் என்ன நடக்கிறது? 2019–21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பள்ளிக்கே போகாத தாய்மார்களின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்த தாய்மார்களின் குழந்தைகளில் இது 26 சதவீதம். பதின்பருவத் தாய்மையிலும் இதே சரிவுதான். 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருப்பவர்கள், பள்ளி செல்லாத பெண்களிடையே 18 சதவீதம். 12 ஆண்டுகள் படித்தவர்களிடையே 4 சதவீதம். பிந்தைய கணக்கில் காரணமும் விளைவும் இரு பக்கமும் ஓடும் என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பு நின்றதால் கல்யாணம் ஆனவர்களும் உண்டு, கல்யாணம் ஆனதால் படிப்பு நின்றவர்களும் உண்டு.

இந்த எண்களைக் குறுவள மையக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னபோது, சக ஆசிரியர் ஒருவர் எழுந்து, "படிச்ச வீட்டுல பணம் இருக்கும் டீச்சர். பணம்தான் காப்பாத்துது, படிப்பு இல்ல" என்றார். நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் இதே கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சோனால்டே தேசாயும் சௌம்யா ஆல்வாவும் 1998இல் 22 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தார்கள். வீட்டின் வசதியையும் வசிக்கும் பகுதியையும் கணக்கில் சேர்த்ததும், தாயின் படிப்புக்கும் குழந்தையின் உயிர் பிழைப்புக்கும் உள்ள தொடர்பு வெகுவாக மெலிந்துவிட்டது. தடுப்பூசி போடுவதில் மட்டும் தொடர்பு உறுதியாக நின்றது. மோனிகா தாஸ் குப்தா கிராமப்புறப் பஞ்சாபில் செய்த ஆய்வில், குழந்தை மரணங்கள் எல்லா வீடுகளிலும் பரவலாக நிகழாமல் சில குடும்பங்களிலேயே திரும்பத் திரும்ப நிகழ்வதைக் கண்டார். படிப்பு, வசதி இவற்றைத் தாண்டித் தாயின் சொந்தத் திறமைக்கும் அதில் பங்கு உண்டு என்றார். எழுத்தறியாமலே பத்துப் பிள்ளைகளைக் கரைசேர்த்த பாட்டிகளை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம் அல்லவா? அவர்களைப் படிக்காதவர்கள் என்று ஒரு கட்டத்தில் அடைத்துவிட்டுப் போவது சரியில்லை.

ஆனாலும் பணம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை. 2021இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 92 நாடுகளில் நடந்த 300 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வீட்டு வசதியைக் கழித்துப் பார்த்த பிறகும், தாய் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் குழந்தை ஐந்து வயதுக்குள் இறக்கும் அபாயத்தை ஏறத்தாழ 3 சதவீதம் குறைக்கிறது. 12 ஆண்டுகள் படித்த தாய்க்கு அது 31 சதவீதக் குறைவு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "ஆண்டுக்கு 3 என்றால் 12 ஆண்டுக்கு 36தானே, ஏன் 31?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டு வட்டியோடு வரும் தேய்மானக் கணக்கு அது: 0.97ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 0.69. இயந்திரத்தின் விலை குறைவதையே எத்தனை ஆண்டுகளுக்குக் கணக்காகக் கொடுப்பது?

எனக்கு மிகவும் பிடித்த சான்று இன்னும் பழையது. ஆஸ்திரேலிய மக்கள்தொகையியல் அறிஞர் ஜான் கால்டுவெல், ஒருபுலோயே என்ற அறிஞருடன் சேர்ந்து நைஜீரியாவின் இரண்டு ஊர்களை ஒப்பிட்டார். ஓர் ஊரில் மருத்துவ வசதி உண்டு, மற்றதில் இல்லை. படிக்காத தாய்க்கு மருத்துவ வசதி மட்டும் கிடைத்தபோது, பிறக்கும் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 20 சதவீதம் கூடியது. வசதியில்லாத ஊரில் தாயின் படிப்பு மட்டும் இருந்தபோது 33 சதவீதம் கூடியது. இரண்டும் சேர்ந்தபோது? 20உம் 33உம் கூட்டினால் 53. கிடைத்ததோ 87. மருத்துவமனை கட்டுவதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் தனித்தனித் துறைகளின் வேலை என்று நாம் நினைக்கிறோம். ஒன்று மற்றொன்றைப் பெருக்கிக் கொடுக்கிறது என்பதையே அந்த மீதி 34 காட்டுகிறது.

அப்படிப் பள்ளிக்கூடம் என்னதான் கொடுக்கிறது? குழந்தை வளர்ப்பை நாம் பாடமாக நடத்துவதில்லையே! பொருளியல் அறிஞர் பால் கிளெவ்வே மொராக்கோ நாட்டுத் தரவுகளைக் கொண்டு 1999இல் எழுதிய கட்டுரை இதைத்தான் துருவியது. குழந்தையின் நலத்தைத் தூக்கி நிறுத்துவது தாயின் உடல்நல அறிவு. அந்த அறிவு பள்ளியில் நேரடியாகக் கற்பிக்கப்பட்டதில்லை. பள்ளியில் கற்ற வாசிப்பையும் கணக்கையும் வைத்து, பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு தாய்மார்கள் தாங்களாகத் தேடிக்கொண்டது. ராபர்ட் லெவைனும் அவருடைய குழுவினரும் நேபாளம், மெக்சிகோ, வெனிசுவேலா, சாம்பியா நாடுகளில் தாய்மார்களை நேரில் சந்தித்து வாசிக்கச் சொன்னார்கள், வானொலியில் வரும் உடல்நல அறிவிப்புகளைக் கேட்கவைத்துப் புரிந்ததைச் சொல்லச் சொன்னார்கள். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் வாசிப்புத் திறன் தங்கியிருந்தது. அது தங்கியிருந்தவர்களே அறிவிப்பை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் முன்பின் மாறாமல் கோவையாகச் சொல்லவும் அவர்களால்தான் முடிந்தது.

இந்தக் கடைசிச் செய்தியைத் தமிழாசிரியர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். "காய்ச்சல் என்றைக்கு வந்தது? முதலில் வாந்தியா, வயிற்றுப்போக்கா? எத்தனை தடவை? கடைசியாக எப்போது சிறுநீர் போனது?" ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தாயிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. நிகழ்வுகளை வரிசைப்படுத்திச் சொல்லும் பயிற்சியை நாம் ஆறாம் வகுப்பில் கொடுக்கிறோம். முகம் தெரியாத ஒருவர் முன் நின்று, பயப்படாமல், புரியும்படி பேசும் பழக்கமும் வகுப்பறையில்தான் வருகிறது. கூட்டத்துக்கு நடுவே, வெள்ளைச் சட்டைக்காரர் அவசரப்படுத்தும்போது, "இந்த மருந்து எதுக்கு?" என்று திருப்பிக் கேட்கும் தைரியம் எங்கிருந்து வரும்? பின் பெஞ்சில் ஆண்டு முழுவதும் வாயே திறக்காமல் இருந்துவிட்டுத் தேர்ச்சி பெற்றுப் போகும் பெண்ணுக்கு அது வராது. எட்டு ஆண்டு படித்தாள் என்று பதிவேடு சொல்லும், அவ்வளவுதான்.

நம் மாநிலத்துக்கு வருவோம். இங்கே பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போவதில் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ மறைந்துவிட்டது. 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறைக் கணக்கில், ஆயிரம் குழந்தைகளுக்கு 13 என்ற அளவில் சிசு மரணம் இருந்தது. அகில இந்திய அளவு 28. பெருமைப்பட வேண்டிய எண்கள்தாம். ஆனால் அதே குடும்ப நல ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது: தமிழ்நாட்டின் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. மருத்துவமனைக்குள் நடக்கும் சில மணி நேரத்தை அரசு சமமாக்கிவிட்டது. அதற்கு முந்தைய ஒன்பது மாதமும் பிந்தைய ஓராண்டும் வீட்டில் நடக்கின்றன. படிப்பின் வேறுபாடு இப்போது குடியிருப்பது அங்கேதான்.

ஒரு சின்ன உதாரணம், ஃபோலிக் அமிலம். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கத் தொடங்கும். அதன் பிறகு பதிவு செய்து, மாத்திரை வாங்கி, சாப்பிடத் தொடங்கும்போது அந்தக் கட்டம் கடந்திருக்கும். ஆகவே, பள்ளியில் வாரந்தோறும் நாம் கொடுக்கும் நீல மாத்திரை வெறும் இன்றைய சோர்வுக்கு மட்டுமான மருந்தில்லை. எங்கள் பள்ளியில் அந்த மாத்திரைகள் ஜன்னலுக்கு வெளியே செடிகளுக்கு நடுவே கிடந்ததைத் தோட்ட வேலை செய்யும் அம்மாதான் முதலில் காட்டினார். பிள்ளைகளிடம் கேட்டால், "மாத்திரை போட்டா கறுப்பா போகுது டீச்சர், வயிறு கெட்டுப்போச்சுன்னு அம்மா வேணாம்னு சொல்லிடுச்சு" என்கிறார்கள். மிஞ்சிய இரும்புச்சத்து வெளியேறுவதால் வரும் நிறம் அது, கெடுதல் இல்லை என்று ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும். சாப்பிட்ட பிறகு போடு, கூடவே டீ குடிக்காதே, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்பது இரண்டாவது வரி. கட்டாயப்படுத்தி விழுங்க வைப்பதைவிட இந்த இரண்டு வரி வேலை செய்கிறது. கர்ப்பிணியானதும் இதே காரணத்தைச் சொல்லித்தான் சிவப்பு மாத்திரையும் வீட்டுக் கூரையில் செருகப்படுகிறது.

என் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். புதிய பாடம் எதையும் நான் சேர்க்கவில்லை. இருக்கிற பாடத்துக்கு வேறு எண்களைக் கொடுக்கிறேன், அவ்வளவே.

ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலைவு வடிவியல் வரும்போது, எழுதப்படாத தாய் சேய் நல அட்டைகளைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கிவருவேன். பெண் குழந்தையின் நடுநிலை எடைகளைக் கரும்பலகையில் எழுதுவேன்: பிறக்கும்போது 3.2 கிலோ, மூன்றாம் மாதம் 5.8, ஆறாம் மாதம் 7.3, பன்னிரண்டாம் மாதம் 8.9. புள்ளி வைத்துக் கோடு வரையச் சொன்னதும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்: முதல் மூன்று மாதத்தில் 2.6 கிலோ, அடுத்த மூன்று மாதத்தில் 1.5, அதற்கடுத்த ஆறு மாதம் முழுவதும் சேர்த்தே 1.6. "அப்ப ஆறு மாசத்துக்கு மேல எடை மெதுவா ஏறினா பயப்பட வேணாமா?" என்று ஒருவன் கேட்டான். மெதுவாக ஏறினால் பயமில்லை, கோடு படுத்துவிட்டால்தான் பயம். சாய்வு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. எடை பச்சைப் பட்டையில் இருந்தாலும் கோடு கிடைமட்டமாக ஓடினால் அது எச்சரிக்கை என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

பத்தாம் வகுப்பில் விகிதக் கணக்கு மருந்துச் சீட்டிலிருந்து வரும். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கிறது. அதே மருந்தின் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. எது அடர்த்தி? முதல் பார்வையில் பாதி வகுப்பு 125 என்றுதான் சொல்லும். மி.லி.க்குக் கணக்குப் போட்டால் சிரப்பில் 25தான், சொட்டு மருந்து நான்கு மடங்கு அடர்த்தி. பக்கத்து வீட்டில் "அஞ்சு மில்லி குடுத்தாங்க" என்று கேட்டு, சொட்டு மருந்தை அதே அளவில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அளவை முடிவுசெய்வது மருத்துவர்தான். சீட்டையும் பாட்டிலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வீட்டில் இருப்பவர். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இப்படித்தான். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு. சின்னப் பொட்டலம் 200 மி.லி.க்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகிவிடும். பிள்ளைகளின் வீட்டு டம்ளர் எத்தனை மி.லி. என்று அளந்துவரச் சொன்னேன். 150 முதல் 300 வரை வந்தது. "ஒரு டம்ளர் தண்ணி" என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும் அளவின் லட்சணம் அது.

முந்தைய ஆண்டில் இந்த வரைபடப் பாடத்தின்போது ஒரு மாணவி தன் அக்கா குழந்தையின் அட்டையைத் தானாகவே கொண்டுவந்தாள். பெயரின் மேல் தாள் ஒட்டிவிட்டு அவளையே புள்ளி வைக்கச் சொன்னேன். ஐந்தாம் மாதம் வரை கோடு நன்றாக ஏறியது. ஆறிலிருந்து ஒன்பது வரை தட்டை. என்ன காரணம் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள்: பால் பத்தவில்லை, இணை உணவு தொடங்கவில்லை, வயிற்றுப்போக்கு. அவள் மெதுவாக, "அந்த மாசமெல்லாம் அக்கா செங்கச் சூளைல இருந்துச்சு டீச்சர். காலைல நாலு மணிக்கு இறங்கினா பத்து மணிக்குத்தான் பாப்பாவப் பாக்கும்" என்றாள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், அட்டையிலேயே படித்திருக்கிறாள். பருப்பும் சோறும் குழைத்து ஊட்ட ஓர் ஆள் இல்லை. சூளை இருந்த இடத்தில் அங்கன்வாடியும் இல்லை. படிப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது மேடையில் பேசும்போதெல்லாம் அந்தத் தட்டைக் கோடு எனக்கு நினைவுக்கு வரும். எட்டாம் வகுப்புப் படிப்பு அவளுக்கு அட்டையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. சூளையைவிட நல்ல வேலைக்கு அது போதவில்லை. ஊர் திரும்பியதும் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கியதாகவும் எடை மறுபடி ஏறத் தொடங்கியதாகவும் அந்த மாணவி பிறகு சொன்னாள்.

அப்புறம், இது பெண் பிள்ளைகளுக்கான பாடம் என்று பையன்களை விளையாட அனுப்பிவிடும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்னே சொன்ன 2021 ஆய்வில் தந்தையின் 12 ஆண்டுப் படிப்பும் தனியாக 17 சதவீதம் அபாயத்தைக் குறைக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் குழந்தையின் நெஞ்சு உள்வாங்கினால் வண்டியை எடுக்க வேண்டியவன் அவன். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைக்கப் பெரியவர்கள் வரும்போது, "டாக்டர் சீம்பால் மட்டும்தான் குடுக்கச் சொன்னார்" என்று மனைவிக்காகத் தன் அம்மாவிடம் பேச வேண்டியவனும் அவன்தான். மருமகள் சொன்னால் எடுபடாத சொல் மகன் சொன்னால் எடுபடும். இது சரியா தவறா என்பது வேறு, இன்றைய வீடு அப்படித்தான் இருக்கிறது.

வகுப்பில் என்ன நடத்தினாலும், கேட்பதற்குப் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும். 20 முதல் 24 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். எட்டுப் பேரில் ஒருவர். வளர்ந்து முடியாத உடலில் இன்னோர் உடல் வளரும்போது, குறைப்பிரசவமும் 2.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பு எடையும் கூடுதலாக வருகின்றன. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் திருமண உதவியாகத் தொடங்கிய திட்டம், 2022இல் புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைக் கல்லூரிக்கு மாற்றியது நல்ல முடிவு என்பது என் கருத்து. பெற்றோர் கூட்டத்தில் நான் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கத் தயங்கும் அப்பாவிடம் குழந்தை இறப்பு விகிதம் பேசிப் பயனில்லை, மாதம் ஆயிரம் ரூபாய் பேசினால் உட்கார்ந்து கேட்பார்.

ஜூன் மாதம் முதல் வாரத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். சான்றிதழ் வாங்கியவள் வேறெங்கோ சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்ச்சி பெற்றும் வாங்காதவள், தேர்ச்சி பெறாமல் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்காதவள், இவர்களுடைய வீடுகளுக்குத்தான் போக வேண்டும். கோடை விடுமுறை முடிவதற்குள் நிச்சயம் முடிந்துவிடும் வீடுகளும் உண்டு. அங்கே 1098 என்ற எண்ணும் தேவைப்படும். இந்த ஆண்டுப் பட்டியலில் அப்படி மூன்று பெயர்கள் மிஞ்சின. ஒருத்தி பாட்டி வீட்டில் இருந்து திரும்பிவந்து பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி துணைத் தேர்வு எழுதியிருக்கிறாள். மூன்றாவது வீடு பூட்டிக் கிடக்கிறது. குடும்பத்தோடு சூளைக்குப் போயிருக்கிறார்கள், மழைக்காலம் தொடங்கினால் வருவார்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவளுடைய சான்றிதழ் அலுவலக அலமாரியில் இருக்கிறது.